அலமாரியில் ஒரு வெள்ளக்கோடு

நுழையும்முன்

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் கலை வரலாறும் ஓவியப் பாதுகாப்பும் பயிலச் சென்ற ஒருவர், அந்நகரத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓராண்டுக் காலம் தங்கினார். பழைய ஓவியங்களை எவ்வாறு காப்பது என்பதை வகுப்பறையில் கற்றார். எதைக் காப்பது என்னும் வினாவை அவ்வீட்டின் சமையலறையில் எதிர்கொண்டார். அவ்வனுபவத்தை அவரே கூறுவதாக அமைந்தது இப்பாடம்.

வாயிற்படிச் சொல்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே பேராலயத்தை அடுத்த குறுந்தெரு ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டின் கதவருகே இரண்டு பெட்டிகளுடன் நின்றேன். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் அது, மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த பெண்மணி உள்ளே வருமாறு கையசைத்தார். பழக்கத்தால் காலணியைக் கழற்றக் குனிந்தேன், வேண்டா என்றார். பின்பும் அவர் வழிவிடாமல், நான் ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதுபோலக் காத்திருந்தார். சொல்ல வேண்டியது யாதென்று எனக்கு விளங்கவில்லை.

அவருக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "பெர்மெஸ்ஸோ" என்று எனக்காக எடுத்துக் கொடுத்தார். பிறர் வீட்டு வாயிற்படியைக் கடக்கும்போது இத்தாலியர் கூறும் சொல் அது. 'உள்ளே வரலாமா?' என்பது அதன் கருத்து. அழைத்தவரே எதிரில் நின்று வரவேற்றாலும் அச்சொல்லைச் சொல்லியே நுழைவர். நானும் சொன்னேன். "வருக, வருக" என்று இருவரும் ஒரே குரலில் கூறினர்.

அடுத்த வாரமே அச்சொல்லை வேறோரிடத்தில் மீண்டும் சந்தித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டினர் கல்விக்காக நீண்டகாலம் தங்குவதாயின், வந்து சேர்ந்த 8 வேலை நாள்களுக்குள் வாழிட இசைவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வாவணத்தின் பெயரும் 'பெர்மெஸ்ஸோ' என்றே தொடங்கும். எனக்கு இடமளித்த குடும்பமும் 48 மணி நேரத்திற்குள் காவல்துறைக்கு எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டியிருந்தது. அஞ்சலக வரிசையில் உறையும் படிவமுமாக நின்றபோது, வீட்டின் 'பெர்மெஸ்ஸோ' இதனினும் எளிதாகக் கிடைத்ததே என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டில் மூவர் இருந்தனர். கதவைத் திறந்தவரை நான் 'சிஞ்ஞோரா' என்று அழைத்தேன். மதிப்புக்குரிய பெண்மணியை விளிக்கும் சொல். அவருடைய தாயாரை எல்லாரையும் போல 'நோன்னா', அதாவது பாட்டி, என்றேன். அவருக்கு அப்போது வயது 84. சிஞ்ஞோராவின் மகன் உங்கள் வயதினன். மேல்நிலைப் பள்ளி மாணவன். அவனுடைய பாடத்திட்டத்தில் கலை வரலாறு தனிப்பாடமாக இருந்தது. என்னுடைய பாடநூலை அவன் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் பாதியை நாங்கள் முடித்துவிட்டோம்" என்றான். உண்மைதான். அன்றுமுதல் அவனும் எனக்கோர் ஆசிரியன் ஆனான்.

உப்பில்லா ரொட்டி

முதல்நாள் இரவு உணவில் ரொட்டித் துண்டைக் கடித்தவுடன் சமைத்தவர் உப்பை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறதியன்று, தஸ்கனி மாநிலத்து ரொட்டியில் உப்பே இடுவதில்லை. உடன் உண்ணும் பாலாடைக்கட்டியும் பருப்பு வகைகளும் காரசாரமாக இருப்பதால் ரொட்டி அடக்கமாக இருக்க வேண்டும் என்பது நோன்னாவின் விளக்கம். இந்நகரத்தில் 1265-இல் பிறந்து, அரசியல் பகையால் 1302-இல் நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வர இயலாமலே மறைந்த மகாகவி தாந்தே, பிறர் வீட்டு ரொட்டியின் உப்புச் சுவையைத் தம் காவியத்தில் துயரத்தோடு குறித்திருக்கிறார். எனக்கு நேர்ந்ததோ நேர்மாறு. பிறர் வீட்டு ரொட்டியில் உப்பில்லாமல் தவித்தேன்.

பழைய ரொட்டியை அங்கு எவரும் எறிவதில்லை. கருந்தழைக் கோசு, வெள்ளை மொச்சை ஆகியவற்றோடு காய்ந்த ரொட்டியைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, மறுநாள் மீண்டும் கொதிக்கவைத்து உண்பர். அதன் பெயரே 'ரிபொல்லீத்தா'. மீண்டும் கொதித்தது என்று பொருள். தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்து உண்பதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர்: 'ஸ்கார்பெத்தா'. சிறிய காலணி என்பது அதன் நேர்ப்பொருள். விருந்துகளில் அவ்வாறு செய்வது முறையாகக் கருதப்படாது. வீட்டில் செய்தால் சமைத்தவருக்கு மகிழ்ச்சி. கையால் உண்டு பழகிய நான் அக்கலையில் விரைவாகத் தேர்ச்சி பெற்றேன்.

தேர்ச்சி பெறாதவை பல. பெரும்பாலான இத்தாலிய வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னிணைப்பின் அளவு 3 கிலோவாட் மட்டுமே. சலவை இயந்திரம் ஓடும்போது அடுமனைப் பெட்டியையும் இயக்கினால் மின்சாரம் தானே துண்டிக்கப்படும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கட்டணம் குறைவு என்பதால் துணி துவைப்பதற்கு அவ்வேளைகளே உரியவை. இவற்றை அறியாத நான், முதல் வாரத்தில் இரண்டு முறை அவ்வீட்டை இருளில் ஆழ்த்தினேன். கீழ்த்தளத்தில் இருந்த மின்னளவிக்கு இருமுறையும் படியிறங்கிச் சென்றவன் அந்தப் பையன்.

கனியும் கன்னியும்

இத்தாலிய மொழி தமிழருக்கு முற்றிலும் அயலாகத் தோன்றுவதில்லை. வினைச்சொல்லின் ஈறே தன்மை, முன்னிலை, படர்க்கையைக் காட்டிவிடும். 'பார்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'நான்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. மதிப்பிற்குரியவரை 'நீ' என்று சுட்டக்கூடாது என்பதிலும் அவர்கள் நம்மைப் போன்றவர்கள். ஆனால், வழி வேறு. நாம் பன்மையைப் பயன்படுத்தி 'நீங்கள்' என்கிறோம். அவர்கள் எதிரில் நிற்பவரையே 'அவள்' என்று பொருள்படும் படர்க்கைப் பெண்பால் சொல்லால் சுட்டுகின்றனர். ஆணாக இருந்தாலும் அவ்வாறே. என் பேராசிரியரை அவ்வாறு விளிப்பதற்கு நா எழப் பல நாள்கள் ஆயின.

ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும் என்பது மற்றோர் ஒப்புமை. தமிழில் கனி வேறு, கன்னி வேறு. இத்தாலியில் 'நோனோ' என்றால் ஒன்பதாவது. 'நோன்னோ' என்றால் தாத்தா. இதை நூலில் படித்திருந்தும் எழுதுபொருள் கடையில் தடுமாறினேன். 'பேனா' என்பது நம் நாவில் ஊறிய சொல்லாயிற்றே; 'பேனா ஒன்று வேண்டும்' என்றேன். கடைக்காரர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். அவர்களுக்குப் 'பேன்னா' என்பதே எழுதுகோல். 'பேனா' என்றால் துன்பம். துன்பம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்த வாடிக்கையாளரை அவர் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார்.

தமிழில் ஓர் இத்தாலியர் காப்பியம் இயற்றியிருக்கிறார் என்று ஒருநாள் நோன்னாவிடம் கூறினேன். வடஇத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த வீரமாமுனிவரைப் பற்றித்தான் சொன்னேன். அவர் எவர் வீட்டில் தங்கினார், யார் அவருக்குச் சமைத்துப் போட்டார்கள் என்று நோன்னா வினவினார். என்னிடம் விடையில்லை. தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சூசையப்பர் தச்சுத் தொழிலாளர் அல்லவா? நோன்னாவின் மறைந்த கணவரும் மரவேலை செய்தவரே. ஓவியங்களுக்குச் சட்டம் செய்து பொன்முலாம் இடுவது அவர் தொழில். "தச்சரைப் பற்றி எழுத அவ்வளவு தொலைவு போனாரா!" என்று வியந்தார்.

தெரிந்து தெளிவோம்

போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள் சிலவற்றுக்கு இத்தாலிய மொழியில் உடன்பிறப்புகள் உள்ளன. தமிழில் அலமாரி; இத்தாலியில் 'ஆர்மாதியோ'. தமிழில் சாவி, இத்தாலியில் 'கியாவே'. போர்ச்சுக்கீசியம், இத்தாலி ஆகிய இரண்டும் இலத்தீனிலிருந்து கிளைத்தவை என்பதே இவ்வொப்புமைக்குக் காரணம். அலமாரியும் ஆர்மாதியோவும் 'ஆர்மாரியும்' என்னும் ஒரே இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல்கள்.

ஈரச்சுவரில் ஒரு நாள்

எங்கள் வகுப்பில் முதலில் கற்பித்தது ஓவியம் தீட்டுவதையன்று, சுண்ணாம்பு குழைப்பதை. சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுப் பூச்சு முதலில். அதன்மேல் செம்மண் நிறத்தால் வரைவுக்கோடு. அக்கோட்டை மறைத்து மெல்லிய சாந்துப் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு மீண்டும் கல்லாக இறுகும்போது, வண்ணம் அதனுள்ளேயே சிறைப்பட்டு நிற்கிறது. பசையின் துணையின்றி அவ்வோவியங்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிலைப்பதற்கு இதுவே காரணம். சுவர் உலர்வதற்குள் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கே அன்றாடம் சாந்து பூசுவர். அப்பகுதிக்கு 'ஜொர்னாத்தா' என்று பெயர்; ஒரு நாளின் வேலை என்பது பொருள். பிழை நேர்ந்தால் அழிக்க இயலாது; சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். நான் தீட்டிய மாதுளம்பழம் நான்காம் முறைதான் மாதுளம்பழமாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களைப் பற்றிப் பேராசிரியர் என்னிடம் கேட்டார். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர், மேலடுக்கில் இருந்த நாயக்கர் கால ஓவியத்தின் பகுதிகளையும் சிதைக்காமல் தனியே பிரித்தெடுத்து, அடியிலிருந்ததை இந்தியத் தொல்லியல் துறையினர் வெளிக்கொணர்ந்தனர். சுவரோவியத்தை உரித்தெடுப்பது இத்தாலியரும் நெடுங்காலமாகக் கையாண்ட நுட்பம். ஆகவேதான் அவர் ஆர்வத்துடன் கேட்டார். அவ்வுட்சுற்று பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை என்பதால் நான் நிழற்படங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன் என்றேன். "இரண்டு அடுக்கில் எது உண்மையானது?" என்று அவர் வகுப்பை நோக்கி வினவினார். சோழர் ஓவியமே என்று பலர் கூறினர். "நாயக்கர் கால ஓவியரிடம் கேட்டுவிட்டீர்களா?" என்றார்.

அவ்வினாவின் தொடர்ச்சியாக எங்களைப் பிராங்காச்சி சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றார். ஏறத்தாழ 27 வயதில் மறைந்த மசாச்சோ என்னும் ஓவியர் 1420-களில் தீட்டிய சுவரோவியங்கள் அங்குள்ளன. மைக்கேலாஞ்சலோ இளமையில் அங்கு வந்து அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். உடன் பயின்ற ஒருவனோடு ஏற்பட்ட பூசலில் அவன் விட்ட குத்தால் மூக்கு உடைந்து, அவ்வடையாளத்துடனே வாழ்ந்தார் என்பது கலை வரலாற்றின் சுவையான செய்தி. ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் ஆதாம், ஏவாள் உருவங்களுக்கு 17-ஆம் நூற்றாண்டில் எவரோ இலைகளைத் தீட்டி உடலை மறைத்திருந்தனர். 1771-இல் ஏற்பட்ட தீயின் கரியும் ஓவியங்களின்மேல் படிந்திருந்தது. 1980-களில் நடைபெற்ற தூய்மைப் பணியில் கரியும் நீங்கிற்று, இலைகளும் நீங்கின. கரியை நீக்கியதில் எவருக்கும் ஐயமில்லை. இலைகளோ முந்நூறு ஆண்டுகள் அங்கிருந்தவை, அவையும் வரலாறுதானே? நீக்கியது சரியே என்பது என் கருத்து. எனினும், நீக்கியபின் மீண்டும் வைக்க முடியாது என்பதையும் மறுப்பதற்கில்லை.

"வண்ணம் தீட்டிச் சேர்த்ததை நாளை ஒருவர் துடைத்துவிடலாம். துடைத்ததை எவராலும் திருப்பித்தர முடியாது. எங்கள் தொழிலில் திரும்பப்பெற இயலாத வேலை தூய்மை செய்வதுதான்" என்றார் பேராசிரியர். குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அடிக்கோடிட்ட பின்பு நேர்ந்தது

சமையலறையில் உயரமான மர அலமாரி ஒன்று இருந்தது. தட்டுகளும் மேசை விரிப்புகளும் அதில் அடுக்கப்பட்டிருக்கும். அதன் பக்கப்பலகையில், என் தோளளவு உயரத்தில், குறுக்காகக் கருநிறக் கறை ஓடியது. ஒரு விரல் அகலம். எண்ணெய்ப் பிசுக்கு என்றே கருதினேன். அடுப்பருகில் நிற்கும் அலமாரியில் வேறென்ன இருக்கும்?

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தினர் மூவரும் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தனர். மாதந்தோறும் பணம் செலுத்தித் தங்குபவன் என்றாலும், எந்த வேலையும் செய்யாமல் உண்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. பாத்திரங்களைக் கழுவினேன், தரையைத் துடைத்தேன். பின்பு, வெந்நீரும் சோடா உப்பும் கரடுமுரடான தேய்ப்பானும் கொண்டு அக்கறையைத் தேய்க்கத் தொடங்கினேன். எளிதில் போகவில்லை. கால் மணிநேரத்தில் ஒரு சாண் அளவு நீங்கி, அடியிலிருந்த வெளிர்மரம் தெரிந்தது. கை ஓய்ந்ததால் எஞ்சியதை மறுநாளுக்கு வைத்தேன். அக்களைப்புக்கு இன்றளவும் நன்றி சொல்கிறேன்.

மாலையில் திரும்பிவந்த நோன்னா கோட்டைக் கழற்றிக்கொண்டே அலமாரியருகே நின்றார். நான் மலர்ந்த முகத்துடன் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவர் வெளிர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எதுவும் கூறவில்லை. நன்றி என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தம் அறைக்குள் சென்றார். அன்றிரவு அவர் உணவுக்கு வரவில்லை.

சிஞ்ஞோராதான் சொன்னார்: "அது அழுக்கு இல்லை. அது ஆறு."

நவம்பர் 4

1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் விடியற்காலையில் ஆர்னோ ஆறு கரையுடைத்துப் பிளாரன்ஸ் நகருக்குள் புகுந்தது. அன்று நாட்டு விடுமுறை, கடைகள் மூடியிருந்தன. பட்டறைகளிலும் தரைத்தளக் கடைகளிலும் இருந்தவற்றை எடுத்து மேலே வைக்க ஆளில்லை. சாந்தா குரோச்சே பகுதி தாழ்வானது. அங்குச் சில இடங்களில் நீர் ஆறு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. குளிர்காலம் தொடங்கும் பருவம் ஆதலால் வீடுகளின் நிலவறைத் தொட்டிகளில் வெப்பமூட்டும் எண்ணெய் நிரப்பப்பட்டிருந்தது. வெள்ளம் அத்தொட்டிகளை உடைத்து எண்ணெயையும் சேற்றையும் ஒன்றாகக் கலந்தது. நகரிலும் அதன் சுற்றுப்பகுதியிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிஞ்ஞோராவுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து, தெருவில் மகிழுந்துகள் மிதந்து ஒன்றோடொன்று மோதியதைப் பார்த்தாராம். எண்ணெய் நாற்றம் மாடிவரை எழுந்தது. தந்தையின் பட்டறை அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. இரவு முழுவதும் விளக்கில்லை. மறுநாள் நீர் வடிந்தது. வடியும்போது ஒரு மட்டத்தில் நெடுநேரம் தேங்கி நின்றது. அம்மட்டத்தில் மிதந்த எண்ணெய், பட்டறையிலிருந்த அலமாரியில் கோடாகப் படிந்தது. சட்டங்கள், பொன் தகடுகள், உளிகள் யாவும் சேற்றில் புதைந்துபோயின. மீண்டது அவ்வலமாரியும் சில கருவிகளும் மட்டுமே.

நகரம் இழந்தவை இன்னும் பெரியவை. ஆற்றங்கரையிலிருந்த தேசிய மைய நூலகத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் நனைந்தன. கிபெர்த்தி என்னும் சிற்பி 27 ஆண்டுகள் உழைத்து 1452-இல் முடித்த 'சொர்க்க வாயில்' கதவுகளின் பத்து வெண்கலப் பலகைகளுள் ஐந்து பெயர்ந்து விழுந்தன. அவற்றைச் சீரமைக்கவும் ஏறத்தாழ 27 ஆண்டுகளே பிடித்தன. 2012-இல்தான் மீண்டும் காட்சிக்கு வந்தன.

செய்தி பரவியதும் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்தனர். எவரும் அவர்களை அழைக்கவில்லை, ஊதியமும் இல்லை. நூலகத்தின் நிலவறையிலிருந்து தெருவரை வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்தனர். புகையிலை உலர்த்தும் கொட்டில்களிலும் அந்நூல்கள் உலர்த்தப்பட்டன. அவ்விளைஞர்களை நகரமக்கள் 'ஆஞ்செலி தெல் ஃபாங்கோ' என்று அழைத்தனர். சேற்று வானவர் என்று தமிழில் கூறலாம். கலை பயில வந்திருந்த மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அவர்களுள் ஒருத்தி பதினொரு நாள்கள் நோன்னாவின் கணவரோடு பட்டறையில் சேறு அள்ளினாள். மரத்தூளால் கருவிகளைத் துடைத்தாள். இருவருக்கும் பொதுமொழி இல்லை. இரவில் இதே சமையலறையில் உண்டு, இதே தரையில் உறங்கினாள். சென்றபின் மடல் ஏதும் வரவில்லை. எந்நாட்டினள் என்பதும் இவர்களுக்கு நினைவில்லை. அவள்தான் அலமாரியைத் துடைக்கும்போது அக்கோட்டருகே நிறுத்திக்கொண்டு, நோன்னாவின் கணவரைப் பார்த்தாளாம். அவர் தலையசைத்து, அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

"அதன் பிறகுதான் மாணவர்களை வீட்டில் தங்கவைக்கத் தொடங்கினீர்களா?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார் சிஞ்ஞோரா. சற்றுப் பொறுத்து, "பட்டறை மூடியபின் பணமும் வேண்டியிருந்தது" என்றார்.

அவள் கேட்டாள்; நான் கேட்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

அறுபது விழுக்காடு

மறுநாள் நோன்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் செய்தது என்றார். வழக்கம்போல் ரொட்டியை நறுக்கித் தந்தார். ஆயினும் அலமாரிப் பக்கம் பாராமலே தட்டுகளை எடுத்தார். அது என்னை வருத்திற்று. பேராசிரியரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. தேய்ப்பதற்குமுன் நிழற்படம் எடுத்தாயா என்று மட்டும் கேட்டார். எடுக்கவில்லை. "அப்படியானால் வா" என்று சாந்தா குரோச்சேக்கு அழைத்துச் சென்றார்.

அங்குள்ள சிமாபுவேயின் சிலுவை ஓவியம் 13-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. நான்கு மீட்டருக்கும் மிகுந்த உயரமுடையது. வெள்ளத்தில் அதன் வண்ணப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. பத்தாண்டுகள் முயன்று 1976-இல் பணியை முடித்த வல்லுநர்கள், இழந்த முகத்தையும் உடலையும் ஊகித்து வரைந்துவிடவில்லை. எஞ்சிய ஓவியத்தின் நிறங்களைக் கணித்து, இடைவெளிகளை ஒன்றோடொன்று பின்னிய மெல்லிய வண்ணக்கோடுகளால் நிரப்பினர். தொலைவில் நின்றால் அவை அமைதியான ஒரே நிறமாகக் கண்ணுக்கு இசைகின்றன. அருகில் சென்றால் இங்கு ஓவியம் இல்லை என்று வெளிப்படையாகத் தெரிவிக்கின்றன. செங்குத்தான நுண்கோடுகளால் நிரப்பும் முறையை உரோம் நகரத்து வல்லுநர்கள் அதற்குமுன்பே உருவாக்கியிருந்தனர். இழப்பை மறைத்தல் பொய். இழப்பையே முன்னிறுத்தினால் ஓவியத்தைக் காண முடியாது. இவ்விரண்டுக்கும் இடையே கண்டறிந்த வழி இது. எல்லாக் கோடுகளும் எளிதில் நீக்கத்தக்க வண்ணத்தாலேயே இடப்படுகின்றன.

அதே வளாகத்தில் அருங்காட்சியகக் கூடமொன்றில் வசாரி 1546-இல் தீட்டிய 'இறுதி இரா உணவு' ஓவியத்தை மீண்டும் நிறுவும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஐந்து மரப்பலகைகளால் ஆன, ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீளமுள்ள ஓவியம். பன்னிரண்டு மணிநேரத்துக்கும் மேல் நீரில் கிடந்தது. நனைந்த மரம் ஊதி, உலரும்போது சுருங்கும். அதன்மேலுள்ள வண்ணப்பூச்சோ அவ்வாறு சுருங்காமல் செதிள் செதிளாக எழும்பும். வண்ணம் உதிராதிருக்க மேலே மெல்லிய தாள்களை ஒட்டிக் கிடங்கில் வைத்தனர். காப்பதற்கான நுட்பம் அக்காலத்தில் இல்லை. ஆகவே காத்திருந்தனர். 1588-இல் மெதிச்சி மன்னரால் நிறுவப்பட்டு, இன்று கலைப்பொருள் சீரமைப்பில் உலகப் புகழ்பெற்று விளங்கும் ஓபிஃபீச்சியோ நிறுவனத்தினர் இப்பணியை நிறைவுசெய்தபோது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 2016 நவம்பர் 4 அன்று அவ்வோவியம் தன் இடத்துக்கு மீண்டது. மறுபடி வெள்ளம் வந்தால் அதனை உயரே தூக்கிவிடப் பொறியமைப்பும் உண்டு.

சில நாள்கள் கழித்து நோன்னாவுடன் அவ்வோவியத்தைக் காணச் சென்றோம். அவர் நெடுநேரம் நின்றார். படத்தைவிட அதன் சட்டத்தையே உற்றுப் பார்த்ததாகத் தோன்றியது. திரும்பும் வழியில், தெருச்சுவரில் வெள்ளத்தின் உயரத்தைக் குறிக்கும் சலவைக்கல் ஒன்றின் கீழ் நின்று இளைப்பாறினார். அக்கல் எங்கள் தலைக்கு மிக உயரத்தில் இருந்தது. அங்கே நின்றுகொண்டுதான் சிமாபுவேயின் கோடுகளைப் பற்றிச் சொல்லி, அலமாரியிலும் அவ்வாறு செய்யலாமா என்று கேட்டேன். "பெர்மெஸ்ஸோ?" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். பல நாள்களுக்குப்பின் கேட்ட சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை நீர்வண்ணங்களைக் குழைத்தேன். கருமை, காவி, சிறிது பச்சை. முதலில் அலமாரியை எல்லாப் பக்கங்களிலும் நிழற்படம் எடுத்தேன். பையன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டான். பிறகு, மெல்லிய தூரிகையை எடுத்து முதற்கோட்டை இடப் போனேன். நோன்னா என் கையிலிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டார்.

"நீர் எங்கே நின்றது என்று உனக்குத் தெரியாது" என்றார்.

அவர் கை நடுங்கியது. செங்குத்தாக இருக்க வேண்டிய கோடுகள் சில சாய்ந்தன, சில நீண்டன. சொல்லித் திருத்த வாயெடுத்த என்னைச் சிஞ்ஞோரா கண்ணால் தடுத்தார். ஒரு சாண் இடத்தை நிரப்ப ஒரு மணிநேரத்துக்கு மேலாயிற்று. பையன் சமையலறை வாயிலுக்குச் சென்று பார்த்துவிட்டு, கோடு முழுமையாகத் தெரிகிறது என்றான். நோன்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தாமும் ஒருமுறை தொலைவிலிருந்து பார்த்தார். பின்பு அலமாரியைத் திறந்து நான்கு தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுப்பில் ரிபொல்லீத்தா இரண்டாம் முறையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

கற்பவை கற்றபின்…

உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள பழம்பொருள் ஒன்றில் காணப்படும் கறை, கீறல், ஒட்டு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எவ்வாறு ஏற்பட்டது என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

பிராங்காச்சி சிற்றாலய ஓவியத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட இலைகளை நீக்கியது சரியா என்னும் பொருளில் வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.